வேன் நின்ற நாட்களுக்கு யார் பொறுப்பு?

பாடசாலையில் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ஒரு தாய் மட்டும் வகுப்பறை வாசலில் நின்றார். கையில் பிள்ளையின் கணக்குக் கொப்பி. புள்ளிகளைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கொப்பியைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். பென்சிலால் எழுதிய ஒரு நீண்ட கணக்கு. பிள்ளையின் கையெழுத்தல்ல, தாயின் கையெழுத்து.

"ஹஸ்ரத், கொம்பனி பம்பருக்குத் தந்தது, லைட்டுக்குத் தந்தது, கதவுக்கும் தந்தது. வேன் நின்ட நாப்பத்தேழு நாளைக்கு மட்டும் ஒண்டும் இல்லையாம். அந்த நாளுக்கெல்லாம் ஆரு தாற?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. மார்க்கச் சட்டத்தைக் கேட்கிறாரா, காப்புறுதிச் சட்டத்தைக் கேட்கிறாரா என்பது கூட எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கொப்பியின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, "ஒரு கிழமை தாங்க தங்கச்சி, தேடிப் பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பி வைத்தேன். ஒரு கிழமை ஒன்றரை மாதமாயிற்று. தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வாகனம் வைத்திருக்கும் வீடுகளில் விபத்து நடந்த அன்றே இதை அறிந்திருக்க வேண்டியவர்கள் பெண்கள்தான். ஏனெனில் வண்டி ஓடாத நாட்களில் அடுப்பை எரிய வைக்கும் பொறுப்பு அவர்கள் தலையில்தான் விழுகிறது.

நடந்தது இதுதான். கணவர் பாடசாலை வேன் ஓட்டுபவர். பதினாறு பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 6,000 ரூபாய். வேன் லீசிங்கில் எடுத்தது. 2023ஆம் ஆண்டு ஒரு மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனோடு கண்டி வீதியில் திரும்பி வரும்போது, கடுகண்ணாவ இறக்கத்தில் பின்னால் வந்த லொறி மோதி வேனை முன்னாலிருந்த மதகுச் சுவரில் கொண்டு போய்ச் சேர்த்தது. யாருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். வேனின் முன்னும் பின்னும் நசுங்கிப் போயின.

லொறியின் சொந்தக்காரர் நல்ல மனிதர் போலத்தான் நடந்துகொண்டிருக்கிறார். அரை மணித்தியாலத்தில் ஓடி வந்து, "நானா, பொலிசுக்குப் போய் அலைய வேணாம்" என்று 25,000 ரூபாயைக் கையில் வைத்தார். பதிலுக்கு ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டார். அந்தத் தாளுக்குப் பிறகு வருகிறேன்.

வேன் கராஜுக்குப் போனது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022 டொலர் நெருக்கடியில் உதிரிப்பாகங்கள் வரத் தாமதமானதும் நாம் அனைவரும் பட்டறிந்தவை. அந்த வேனின் முன்பக்கக் கண்ணாடிக்கும் ரேடியேட்டருக்கும் கராஜ்காரர் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பல நாட்கள் அலைந்திருக்கிறார். வேன் வெளியே வர 47 நாட்கள். கராஜ் பில் 412,000 ரூபாய். காப்புறுதிக் கொம்பனி தந்தது 331,000. உரிமையாளர் ஏற்க வேண்டிய தொகை 15,000, பழைய பாகத்துக்குப் புதிய பாகம் போட்டதற்கான தேய்மானக் கழிவு 41,000, லொறிக்காரர் கொடுத்த 25,000 ஆகிய மூன்றையும் அது கழித்துவிட்டது.

இதுவரை வந்த கணக்கில் பெரிய அநியாயம் ஒன்றும் இல்லை. மீதியை நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாயின் கொப்பியில் இருந்தது வேறொரு கணக்கு. முதல் பத்துப் பாடசாலை நாட்களுக்கு வேறொரு வேனைச் சாரதியோடும் டீசலோடும் நாளுக்கு 7,000 ரூபாய் வாடகைக்குப் பிடித்தது 70,000. அதற்கு மேல் முடியாமல் நிறுத்திய பிறகு, ஓடாத 22 பாடசாலை நாட்களுக்கு இழந்த கூலி 105,600. இரண்டு மாத லீசிங் 92,000. மொத்தம் 267,600 ரூபாய். பதினாறு பிள்ளைகளில் ஒன்பது பேர்தான் திரும்பி வந்தார்கள் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அதை எந்த நிரலில் எழுதுவது என்று தெரியவில்லையாம்.

காப்புறுதி ஆவணத்தை வாங்கி வாசித்தேன். உண்மையைச் சொல்வதானால், கிதாபு ஓதிப் பழகிய எனக்கும் அந்தச் சிறிய எழுத்து சிரமமாகத்தான் இருந்தது. நம்மவர் "புல் இன்சூரன்ஸ்" என்று சொல்லிக்கொள்ளும் முழுக் காப்புறுதி ஆவணத்தில் விதிவிலக்குகள் என்றொரு பகுதி உண்டு. விபத்தைத் தொடர்ந்து வரும் நட்டங்கள், தேய்மானம், இயந்திரக் கோளாறு ஆகியவற்றுக்குக் கொம்பனி பொறுப்பல்ல என்று அதில் இருக்கும். வாகனம் இல்லாத நாட்களின் வாடகைச் செலவும் இழந்த வருமானமும் இந்தத் "தொடர்ந்து வரும் நட்டம்" என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இரும்புக்கும் கண்ணாடிக்கும்தான் "முழு" என்ற பெயர், நாட்களுக்கல்ல. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவருக்கோ தன் வண்டியின் இரும்புக்குக் கூட எதுவும் கிடைக்காது.

நாட்களுக்கும் சேர்த்துப் பணம் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாகக் கட்டணம் செலுத்தி ஒரு மேலதிகப் பிரிவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேறு பல நாடுகளிலும் இப்படியான வழக்கம் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் உறவினரைக் கேட்டால் அங்கே "ரென்டல்" பிரிவு என்று ஒன்றிருப்பதைச் சொல்வார்கள். நாளுக்கு 30 டொலர், ஒரு விபத்துக்கு 900 டொலர் என்பது போல இரண்டு எல்லைகள் அதற்கு உண்டு. கராஜில் நாற்பத்தைந்து நாட்கள் ஆனால் கடைசிப் பதினைந்து நாட்கள் சொந்தச் செலவு. வண்டி விபத்தில் சிக்கி, அந்த விபத்தைக் காப்புறுதி ஏற்றுக்கொண்டால்தான் அதுவும் கிடைக்கும். என்ஜின் பழுதாகி நின்றாலோ சர்விசுக்கு விட்டாலோ கிடைக்காது. இங்கிலாந்தில் "கர்ட்டசி கார்" என்பார்கள். கொம்பனி அங்கீகரித்த கராஜ் திருத்த வேலை நடக்கும் வரை ஒரு சிறிய காரைக் கொடுத்து வைக்கும். ஏழு பேர் குடும்பம் பெரிய வாகனத்தை இழந்திருந்தாலும் கிடைப்பது அநேகமாகச் சின்னக் கார்தான். வண்டி திருத்த முடியாதபடி நொறுங்கிப் போனாலோ களவு போனாலோ, திருத்த வேலையே இல்லையே என்று பல ஆவணங்களில் அந்தக் காரும் இல்லை. ஆகப் பெரிய இழப்பு வந்தவருக்கு இரவல் கார் இல்லை என்பது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

இதை வாசித்துக்கொண்டிருந்தபோது நாம் சிறு வயதில் ஓதிய ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் ஒருவரின் வீட்டில் இருந்த வேளை, இன்னொரு மனைவியின் வீட்டிலிருந்து ஒரு தட்டில் உணவு வந்தது. வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்து தட்டைத் தட்டிவிட, அது உடைந்தது. நபியவர்கள் சிதறிய உணவைத் தாமே சேர்த்தெடுத்தார்கள். தட்டைக் கொண்டு வந்த பணியாளரை நிறுத்தி வைத்து, உடைத்தவரின் வீட்டிலிருந்தே ஒரு நல்ல தட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள். உடைந்த தட்டு உடைத்த வீட்டிலேயே தங்கிவிட்டது. புகாரியில் அனஸ் (ரழி) அவர்கள் வழியாக வருகின்ற இந்தச் சம்பவத்தைப் பெரும்பாலும் மனைவியரின் ரோஷத்தைப் பற்றிப் பேசும்போதுதான் நாம் எடுத்துச் சொல்வோம். நானும் அப்படித்தான் பல முறை பயான் செய்திருக்கிறேன். அந்தத் தாயின் கொப்பியைப் பார்த்த பிறகுதான் வேறொன்று கண்ணில் பட்டது. "உங்கள் தட்டை ஒட்டித் தருகிறோம், பொறுங்கள்" என்று அந்தப் பணியாளர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்படவில்லை. தட்டுக்குரிய வீடு ஒரு வேளை கூடத் தட்டில்லாமல் இருக்கவில்லை.

பொருளுக்கு ஒரு பெறுமதி இருப்பது போல, அந்தப் பொருளால் கிடைக்கும் பயனுக்கும் தனியாக ஒரு பெறுமதி உண்டா என்பது சட்ட அறிஞர்கள் நீண்ட காலம் வாதித்த விஷயம். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பிறரின் பொருளை அபகரித்து வைத்திருந்தவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. வைத்திருந்த காலத்துக்குரிய வழமையான வாடகையையும் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்திருந்தாலும் சரியே. கிதாபுகளில் இதை உஜ்ரத்துல் மித்ல் என்பார்கள். ஹனபி மத்ஹபின் பழைய கருத்தில் பயனுக்கு இப்படித் தனியாக ஈடு இல்லை. ஆனால் பின்னால் வந்த ஹனபி அறிஞர்கள் வக்பு சொத்து, அநாதையின் சொத்து, வாடகைக்கு விடுவதற்கென்றே வைத்திருக்கும் சொத்து ஆகிய மூன்றுக்கும் விலக்களித்து ஈடு உண்டென்றார்கள். உஸ்மானியர் காலத்து மஜல்லா சட்டத் தொகுப்பிலும் இது இடம் பெற்றது. ஓடிச் சம்பாதிப்பதற்கென்றே வைத்திருக்கும் வேனை நினைத்துக்கொண்டு அந்த மூன்றாவது வகையைப் பாருங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. இவை அபகரிப்புக்குச் சொல்லப்பட்ட சட்டங்கள். விபத்து அபகரிப்பல்ல. ஆகவே எடுத்து அப்படியே ஒட்டிவிட முடியாது. பயன் என்பதும் கணக்கில் வரக்கூடிய ஒன்றுதான் என்பதற்கு மட்டுமே இவற்றை இங்கே சொன்னேன்.

ஆங்கிலேயரின் நீதிமன்றங்களும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. 1900ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. மீடியானா என்ற கப்பல், துறைமுக அதிகார சபையின் வெளிச்சக் கப்பலொன்றை மோதிச் சேதப்படுத்திவிட்டது. அந்தச் சபையிடம் இப்படியான அவசரத்துக்கென்றே மாற்றுக் கப்பலொன்று இருந்ததால், வெளியில் வாடகைக்கு எடுக்கும் தேவை வரவில்லை. அப்படியானால் நாட்களுக்கு ஏன் ஈடு என்று மோதியவர்கள் கேட்டார்கள். அதற்கு ஹோல்ஸ்பரி பிரபு ஒரு கதிரையை உதாரணம் காட்டினார். என் வீட்டுக் கதிரையை ஒருவர் ஒரு வருடம் எடுத்துப் போய் வைத்திருந்துவிட்டு, நான் அந்தக் கதிரையில் அவ்வளவாக உட்காருவதில்லை, வேறு கதிரைகள் இருக்கின்றனவே என்று சொல்லி ஈட்டைக் குறைக்க முடியுமா என்ற கருத்தில் கேட்டார். நாட்களுக்கும் ஈடு கிடைத்தது.

அடுத்த வழக்கு இன்னும் நமக்கு நெருக்கமானது. 1928இல் கிரேக்க நாட்டின் பட்ராஸ் துறைமுகத்தில் எடிசன் என்ற கப்பல் லீஸ்பொஷ் என்ற தூர் வாரும் கப்பலை இழுத்துக்கொண்டு போய்க் கடலில் மூழ்கடித்தது. கப்பலை இழந்தவர்களிடம் உடனே இன்னொன்று வாங்கப் பணமில்லை. கூடிய செலவில் வாடகைக்கு எடுத்தார்கள். 1933இல் பிரபுக்கள் சபை, உங்கள் கையில் பணமில்லாததால் ஏற்பட்ட மேலதிகச் செலவுக்கு மோதியவர் பொறுப்பல்ல என்று தீர்த்தது. எழுபது வருடங்கள் இந்தத் தீர்ப்பு நின்றது. ஏழையாக இருப்பது இழப்பாளியின் சொந்தக் குற்றம் என்பது போல! பிறகு 2003 டிசம்பரில் அதே சபைக்கு ஓர் ஏழையின் வழக்கு வந்தது. உடல்நலமும் சரியில்லாத, கையில் காசும் இல்லாத ஒருவர் நிறுத்தி வைத்திருந்த பத்து வருடப் பழைய போர்ட் எஸ்கோர்ட் காரை இன்னொருவர் மோதிவிட்டார். கார் திருத்தும் வரை கைக்காசு கொடுத்து வாடகைக்கு எடுக்க அவரால் முடியாது. பிறகு கொடுக்கலாம் என்று கடனுக்குக் கார் தரும் கொம்பனியிடம் போனார். அந்த வாடகை கூடுதல். வேறு வழியே இல்லாத ஏழை கடன் வாடகைக்கு எடுத்தால் அந்த முழுச் செலவையும் மோதியவர் தரப்பு ஏற்க வேண்டும் என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் தீர்ப்பளித்தார்கள். பழைய தீர்ப்பின் கடுமை அன்றோடு முடிந்தது.

நம் நாட்டு நிலை என்ன? அரபுக் கல்லூரியில் என்னோடு ஓதிவிட்டு, பின்னர் சட்டம் படித்துச் சட்டத்தரணியாகிய ஒரு நண்பரிடம் கொப்பியின் பிரதியைக் கொண்டு போனேன். பிறரின் கவனயீனத்தால் ஒருவருக்கு வரும் நட்டத்தை இங்கே ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாகப் பார்க்கிறார்கள். பிழை யாருடையதோ அவரிடம், நிரூபிக்கக்கூடிய பண நட்டத்தைக் கோரலாம். திருத்தச் செலவு மட்டுமல்ல, நியாயமான மாற்று வாகன வாடகையும் இழந்த வருமானமும் அதில் கேட்கக்கூடியவையே. அதாவது நம் காப்புறுதிக் கொம்பனி தராத நாட்களை, மோதியவரிடமோ அவருடைய மூன்றாம் தரப்புக் காப்புறுதி அனுமதிக்கும் எல்லைக்குள்ளோ கேட்க வழி இருக்கிறது. தொகை சிறிதென்றால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையில் இரு தரப்பையும் உட்கார வைத்தும் தீர்க்கலாம்.

நண்பர் அடுத்ததாகக் கேட்டது, "ரோட்டில் வைத்து ஏதாவது எழுதிக் கொடுத்தாரா?"

அந்தத் தாளின் வாசகம் மூன்றே வரி. 25,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டேன், இவ்விபத்து சம்பந்தமாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. கீழே கையொப்பமும் அடையாள அட்டை இலக்கமும். நாற்பத்தேழு நாட்களும் அந்த மூன்று வரியில் போய்விட்டன. அது மட்டுமல்ல. நமக்குப் பணம் கொடுத்த பிறகு மோதியவரிடமிருந்து அதை மீட்டுக்கொள்ளும் உரிமை நம் காப்புறுதிக் கொம்பனிக்கு உண்டு. நாம் "கோரிக்கை இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் அந்த உரிமையையும் சேர்த்து விற்றுவிடுகிறோம். அதைக் காரணம் காட்டிக் கொம்பனி முழுக் கோரிக்கையையும் மறுத்திருக்கலாம். 25,000ஐக் கழித்ததோடு விட்டதே பெரிய விஷயம் என்றார் நண்பர்.

பொலிசுக்குப் போவதை நம்மவர் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறார்கள். சகோதரிகளே, உங்கள் கணவரோ மகனோ விபத்தில் நிற்கும்போது உங்களுக்குத்தான் முதல் தொலைபேசி வரும். அந்த நேரம் "காயமில்லையே" என்று கேட்ட உடனே, "ஒண்டிலயும் சைன் வைக்க வாணாம்" என்று சொல்லிவிடுங்கள். கொம்பனியின் விபத்து இலக்கத்துக்கு அறிவித்து அவர்களின் ஆள் வந்து பார்க்கும் வரை வண்டியை அசைக்காமல், அசைக்கத்தான் வேண்டுமென்றால் எல்லாப் பக்கமும் படமெடுத்துக்கொண்டு, பொலிஸ் முறைப்பாட்டையும் போட்டுவிட்டால் பிறகு சமாதானமாகப் போவதற்கு எத்தனையோ நாள் இருக்கிறது.

கொப்பிக் கணக்கிலும் நண்பர் சிவப்புப் பேனையை வைத்தார். அதைப் பார்க்க எனக்கே மனம் கஷ்டப்பட்டது. ஆனால் அவர் சொன்னது நியாயம். முதலில் லீசிங் 92,000ஐ வெட்டினார். வேன் ஓடியிருந்தாலும் லீசிங் கட்டத்தான் வேண்டும், அது ஓடிய கூலியிலிருந்து போகும் செலவு. இழந்த கூலியையும் கேட்டு லீசிங்கையும் கேட்டால் ஒரே காசை இரண்டு தரம் கேட்டதாகும். அடுத்து, ஓடாத 22 நாட்களுக்கு நாளொன்றுக்கு 4,800 என்று எழுதியிருந்தது மொத்த வரவு. ஓடாதபோது டீசலும் டயர்த் தேய்வும் மிச்சம். அது நாளுக்கு 1,800 என்று கணவரே சொன்னார். ஆகவே நாளுக்கு 3,000, மொத்தம் 66,000. வாடகை வேன் ஓடிய பத்து நாட்களிலும் சொந்த டீசல் மிச்சம் என்பதால் 70,000இல் 18,000 குறைந்து 52,000. இறுதியில் வந்தது 118,000 ரூபாய். கொப்பியில் இருந்ததன் பாதிக்கும் குறைவு. ஆனால் யார் கேட்டாலும் ஒவ்வொரு ரூபாயையும் விளக்கிக் காட்டக்கூடிய தொகை.

ஆதாரம் வேண்டும். வாடகை வேன்காரரிடம் அவர்கள் ஒரு துண்டுக் கடதாசி கூட வாங்கவில்லை. பிள்ளைகளின் மாதக் காசுக்குப் பதிவு இல்லை. வண்டியை எப்போது ஒப்படைத்தார்கள், கொம்பனி எப்போது வேலைக்கு அனுமதி கொடுத்தது, பாகம் எப்போது வந்தது என்ற திகதிகளும் இல்லை. நம் பக்கத் தாமதத்தால் கூடிய நாட்களை யாரும் தரமாட்டார்கள். அனுமதி வந்த பிறகு கராஜ்காரர் ஊர்க் கலியாணத்துக்குப் போய்விட்டால் அந்த நாட்கள் மோதியவரின் கணக்கில் ஏறாது. கொம்பனியே காரணமில்லாமல் இழுத்தடித்தால் முதலில் அவர்களுக்கு எழுத்து மூலம் முறையிட்டு, பதில் திருப்தியில்லாவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கை காப்புறுதி ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். தொலைபேசியில் சத்தம் போடுவதால் எந்தக் கோப்பிலும் எதுவும் பதிவாவதில்லை.

மாற்று வாகனத்தை எடுக்கும்போதும் ஒரு குழி இருக்கிறது. பக்கத்து ஊரில் ஒருவர் தன் சொந்த வேனை "சும்மா கொண்டு போங்க, நாளைக்கு இவ்வளவு தாங்க" என்று கொடுப்பார். அந்த வேனின் காப்புறுதி தனியார் பாவனைக்கு மட்டும் என்றிருந்தால், கூலிக்கு ஓடும்போது விபத்து நடந்தால் கொம்பனி பொறுப்பை மறுக்க இடமுண்டு. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேனுக்கு இது இரட்டை அபாயம். நம் சொந்த வேனுக்கும் இதே கேள்விதான். "பிரைவேட்" என்று காப்புறுதி செய்துவிட்டுக் கட்டணம் குறைவு என்று மகிழ்ந்துகொண்டு, காலையில் பிள்ளைகளை ஏற்றிக் கூலி வாங்கும் வண்டிகள் நம் ஊர்களில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. பிள்ளையை வேனில் அனுப்பும் தாய்மார் இதை ஒரு முறை கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை.

காப்புறுதியே ஆகுமானதா என்று சில வாசகிகள் இதற்குள் கேட்டிருப்பீர்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு அகடமி, இலாப நோக்குள்ள வர்த்தகக் காப்புறுதியில் உள்ள நிச்சயமின்மையைக் காட்டி அதைத் தடுத்தது. ஒருவருக்கொருவர் உதவும் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்புறுதியை மாற்றாகக் காட்டியது. இலங்கையில் 1999 முதல் தகாபுல் இருக்கிறது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி நாட்டின் சட்டத்தால் கட்டாயம் என்பதையும் நாம் அறிவோம். இந்த விஷயத்தை முன்னரும் பலர் எழுதியிருக்கிறார்கள். இங்கே நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். தகாபுல் ஆவணமாக இருந்தாலும், வண்டி நின்ற நாட்களுக்கு உண்டா இல்லையா என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. விதிவிலக்குப் பகுதியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

118,000 ரூபாயில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. நான் லொறிக்காரரைத் தேடிப் போய்ப் பேசிப் பார்த்தேன். மரியாதையாக உட்கார வைத்துத் தேநீர் தந்தார். பிறகு அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். சட்டப்படி அவர் பக்கம் பிழையில்லை. சட்டத்துக்கு அப்பால் ஒரு மனிதர் நினைத்திருந்தால் தந்திருக்கலாம். அவர் நினைக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்த வருடம் காப்புறுதி புதுப்பிக்கும் நேரம் வந்தபோது கணவரோடு அந்தத் தாயும் கொம்பனிக் காரியாலயத்துக்குப் போயிருக்கிறார். நாட்களுக்கான மேலதிகப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டதற்கு அங்கிருந்த பிள்ளை முதலில் விழித்துவிட்டு, உள்ளே போய் விசாரித்துக்கொண்டு வந்ததாம். இருக்கிறது. நாளுக்கு 2,500 ரூபாய், ஆகக் கூடியது பதினான்கு நாட்கள், முதல் மூன்று நாட்களுக்குக் கிடையாது. போன விபத்துக்கு இது இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அந்த மேசையிலேயே கொப்பியை வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார். 35,000 ரூபாய். வேண்டுமா வேண்டாமா என்று இருவரும் வெளியே வந்து மரத்தடியில் நின்று பேசி, சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"அந்த மொத மூணு நாளைக்கும், பதினாலுக்குப் பொறகும் என்ன செய்யிற தங்கச்சி?" என்று கேட்டேன்.

அதற்கும் அவரே ஒரு வழி செய்து வைத்திருந்தார். ஊரில் பாடசாலைக்கு ஓடும் இன்னும் இரண்டு வேன்காரரின் மனைவிமாரோடு பேசி முடித்திருக்கிறார். மூன்றும் கூலிக்கென்று காப்புறுதி செய்த வேன்கள். யாருடைய வண்டி கராஜுக்குப் போனாலும் மற்ற இருவரும் காலையில் இன்னுமொரு நடை ஓடுவார்கள், டீசல் காசு மட்டும் வாங்குவார்கள். பிள்ளைகளின் மாதக் காசு நின்ற வண்டிக்காரருக்கே போகும். மூன்று வண்டியிலும் ஏறும் பிள்ளைகளின் பெயரும் வீடும் இறங்கும் இடமும் எழுதிய பட்டியல், மூன்று வீடுகளிலும் ஒவ்வொரு பிரதி இருக்கிறது.